செல்களின் அக்கம்பக்கத்தைப் பார்க்க எந்த மைக்ரோஸ்கோப் வாங்கலாம்?

போன மாதம் என் பழைய மாணவி ஒருவர் போனில் பேசினார். இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறார். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆய்வகத்துக்குக் கொஞ்சம் பணம் தந்திருக்கிறார்களாம். "சார், நாலு கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கேன். முப்பது ஃபோல்ட்ஸ்கோப், அந்தத் தாள் மைக்ரோஸ்கோப், வாங்கலாம். இல்லன்னா 1600 மடங்குன்னு போட்ட யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் நாலஞ்சு வாங்கலாம். ஒரு ஸ்டீரியோ வாங்கலாம். அதுவும் இல்லன்னா ஒரே ஒரு நல்ல காம்பவுண்ட். எதுக்குக் கையெழுத்துப் போடட்டும்?"

"பிள்ளைங்களுக்கு எதைக் காட்டணும்னு நினைக்கிறம்மா?" என்று கேட்டேன்.

"செல்லைத் தனித்தனியா பார்த்துட்டாங்க சார். வெங்காயத் தோலெல்லாம் கீழ் வகுப்பிலேயே முடிஞ்சது. ஒரு செல் பக்கத்துச் செல்லோட எப்படி இணைஞ்சிருக்கு, எப்படிச் சேதி சொல்லுதுன்னு காட்டணும்."

இப்படி ஒரு தெளிவான ஆசையோடு மைக்ரோஸ்கோப் வாங்கக் கிளம்புகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்றுதான் கேட்பார்கள். அவருக்குப் போனில் சொன்னதையும், வைத்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கு வாங்குகிறவர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்கு வாங்க நினைக்கிற பெற்றோருக்கும் உதவலாம்.

முதலில் ஒரு கசப்பான உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். செல்களுக்கு இடையே இருக்கும் கதவுகளை, அந்த நான்கு கொட்டேஷனில் எதை வாங்கினாலும் நேராகப் பார்க்க முடியாது. அளவுகளைப் பாருங்கள். வெங்காயத் தோல் செல் ஒன்று கால் மில்லிமீட்டருக்கு மேலேயே நீளம் இருக்கும். நம் கன்னத்தின் உட்புறச் செல் 50, 60 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான். இதுவரை சரி. ஆனால் தாவரச் செல்களை இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மேட்டா என்ற நுண்ணிழைகளின் தடிமன் ஏறக்குறைய 50 நானோமீட்டர்தான் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). சிவப்பணுவின் அகலத்தில் அவற்றை நூற்றைம்பது அடுக்கலாம். விலங்குச் செல்களுக்கு இடையே வழிகளாக இருக்கும் இடைவெளி இணைப்புகளில் இரண்டு செல் சவ்வுகளும் 2 முதல் 4 நானோமீட்டர் நெருக்கத்தில் நிற்கின்றன. நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் பிளவு சுமார் 20 நானோமீட்டர்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு பார்க்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கு ஓர் எல்லை உண்டு. 1873இல் எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அதை விளக்கிக் காட்டினார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளை லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாது. மிகச் சிறந்த லென்ஸ் வைத்தாலும் 0.2 மைக்ரான், அதாவது 200 நானோமீட்டரோடு நின்றுவிடும்.

இந்த எல்லையால் ஒரு பெரிய விவாதமே தீராமல் கிடந்தது. கமிலோ கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தை வைத்து, அவரும் ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹாலும் நரம்புச் செல்களைப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே தொடர் வலை என்றார் கோல்ஜி. தனித்தனிச் செல்கள்தான், தொடும் தூரத்தில் நிற்கின்றன என்றார் கஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தபோதும் இருவரும் தங்கள் கட்சியை விடவில்லை. இடையில் பிளவு இருக்கிறதா இல்லையா என்று காட்ட அன்றைய எந்த லென்ஸாலும் முடியாது. 1950களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்துதான் அந்த 20 நானோமீட்டர் பிளவைக் காட்டியது. கஹால் சொன்னதே சரி.

அப்படியானால் பள்ளியில் என்னதான் காட்டுவது? கதவு தெரியாது, ஆனால் கதவு வழியே சேதி போனதால் நடந்த காரியம் தெரியும். எந்தக் கருவி அதை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று ஒப்பிட்டால் முடிவு எளிதாகிவிடும்.

கருவிகளுக்குப் போவதற்கு முன் லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைத் தெரியாமல் பள்ளிக்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். பெட்டியில் 1500 மடங்கு என்று போட்டிருந்தது. கொண்டுவந்து பார்த்தால், 400 மடங்கில் தெரிந்ததே 1500இலும் தெரிந்தது. பெரிதாக, மங்கலாக, கலங்கலாக. ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் முகத்தில் புதிதாக எதுவும் தெரியாது அல்லவா, அது போல.

பொருளருகு லென்ஸின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக 40, அதன் பக்கத்தில் 0.65. முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவதை நியூமரிக்கல் அப்பர்ச்சர் என்பார்கள், பாடப்புத்தகத்தில் எண்ணியல் துளை என்று இருக்கலாம். பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு அகலமாக அள்ளிக்கொள்கிறது என்பதற்கான அளவு அது. அலைநீளத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், அந்த லென்ஸ் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய தூரம் கிடைக்கும். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10எக்ஸ் லென்ஸ் (0.25) 1.1 மைக்ரான் வரை பிரிக்கும். 40எக்ஸ் (0.65) 0.42 மைக்ரான். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100எக்ஸ் (1.25) 0.22 மைக்ரான். பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் போட்டிருந்தாலும் உண்மையான திறமை இந்தச் சிறிய தசம எண்ணில்தான் இருக்கிறது. அது லென்ஸில் எழுதப்படவே இல்லை என்றால், அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

ஃபோல்ட்ஸ்கோப் எனக்கு மிகவும் பிடித்த கருவி. கான்பூர் ஐஐடியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் ஆய்வகம் நடத்தும் மனு பிரகாஷும் அவருடைய குழுவும் 2014இல் உலகுக்குக் காட்டியது. தாளை மடித்துச் செய்வது. நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி மணிதான் லென்ஸ். 140 மடங்கு பெரிதாக்கும், 2 மைக்ரான் அளவுக்குப் பிரித்துக் காட்டும். ஒற்றை மணி லென்ஸ் என்பது புதிய யோசனை இல்லை. 1670களில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் இதே போன்ற ஒற்றை லென்ஸை வைத்துத்தான் முதன்முதலாக நுண்ணுயிர்களைப் பார்த்தார். அவர் கைவசம் இருந்த லென்ஸ்களில் மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது இதை விடவும் அதிகமாக, 270 மடங்கு அளவுக்குப் பெரிதாக்கும்.

இதன் பெரிய பலம், ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒன்று இருக்கும் என்பது. ஒரே மைக்ரோஸ்கோப் முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு பத்து நொடி எட்டிப்பார்ப்பதைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். முன்னால் போனவன் "தெரியுது" என்று சொல்லிவிட்டால், தெரியாதவனும் "தெரியுது" என்றுதான் சொல்வான். கையில் சொந்தமாக ஒன்று இருந்தால் குளத்துத் தண்ணீர், பூச்சி இறக்கை, துளசி மகரந்தம் என்று தானாகவே தேடிப் போவான். வழக்கமான கண்ணாடி ஸ்லைடையே செருகலாம், காந்த வளையத்தை வைத்துப் போனோடு ஒட்டிப் படம் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வெளிச்சத்துக்காக வானத்தை நோக்கிப் பிடிக்கலாம், சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது.

குறை என்னவென்றால், கை நடுங்கினால் காட்சி ஓடிவிடும். தெளிவாகத் தெரியும் வட்டம் சின்னது, ஓரம் வளைந்து போகும். செல்லின் எல்லை வரை நன்றாகக் காட்டும். செல்லுக்குள்ளே நடப்பது பாதிதான் பிடிபடும்.

யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பேனா அளவில் தண்டு, முனையில் சுற்றிலும் எல்இடி, கம்ப்யூட்டரில் செருகினால் திரையில் படம். துணியின் நெய்தல், தலைமுடி, ரூபாய் நோட்டின் நுண்ணெழுத்து, எறும்பின் முகம், இதற்கெல்லாம் அருமை. 1600 மடங்கு என்பது கம்ப்யூட்டர் திரையின் அளவையும் சேர்த்துப் பெருக்கிய கணக்கு. ஒளி மேலிருந்து விழுகிறது. செல்லைப் பார்க்க ஒளி கீழிருந்து பொருளை ஊடுருவி வர வேண்டும். இவருடைய தேவைக்கு இது வேண்டாம்.

ஸ்டீரியோ நல்ல கருவிதான், இரண்டு கண்ணாலும் ஆழத்தோடு பார்க்கலாம், பூவைப் பிரித்துப் பார்க்க, வேர் முடிச்சை அறுக்க, புழுவைக் கவனிக்க இதற்கு இணை இல்லை. ஆனால் சாதாரணமாக 10 முதல் 40, 50 மடங்கு வரைதான். ஒரு தெருவை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது போல. வீட்டுக்கு வீடு என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அங்கிருந்து கேட்காது.

மிச்சம் காம்பவுண்ட், அதாவது பொருளருகில் ஒரு லென்ஸும் கண்ணருகில் ஒரு லென்ஸும் சேர்ந்து பெரிதாக்கும் வழக்கமான ஆய்வக மைக்ரோஸ்கோப். இதிலேயே பல ரகம். கடைகளில் கிடைப்பதில் நிறைய அம்பாலாவிலிருந்து வருபவை. ஹரியானாவில் இருக்கும் அந்த ஊரில் அறிவியல் கருவிகள் செய்வது ஊர்த்தொழில் மாதிரி. அடிமட்டத்தில் கண்ணாடி வைத்த ஒற்றைக்குழல் மாணவர் மைக்ரோஸ்கோப் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். எல்இடி விளக்கு, இரட்டைக்குழல், ஸ்லைடைத் திருகி நகர்த்தும் மேடை என்று கூடக்கூடப் பத்தாயிரத்தைத் தாண்டும்.

பணம் எங்கே போட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்? என் அனுபவத்தில் முதல் இடம் கண்டென்சருக்கு. மேடைக்கு அடியில் ஒளியைக் குவித்துக் கொடுக்கும் லென்ஸ் அது. கூடவே ஐரிஸ் என்ற திறந்து மூடும் திரையும் இருக்க வேண்டும். இது இல்லாமல் 0.65 லென்ஸ் தன் முழுத் திறமையைக் காட்டாது. நான் ஏமாந்து வாங்கினேன் என்றேனே, அதில் கண்டென்சரே இல்லை, ஓட்டை போட்ட ஒரு தகடுதான் இருந்தது. இரண்டாம் இடம் நுண் திருகுக்கு. கையை எடுத்ததும் மேடை தானாக இறங்கினால் பிள்ளைகள் பாவம். மூன்றாவதாக, ஸ்லைடை நகர்த்தும் திருகு. இரட்டைக்குழல் வேண்டுமா என்றால், கண்ணுக்கு நிச்சயம் சுகம்தான், ஆனால் பணம் இடித்தால் ஒற்றைக்குழலே போதும். போனைப் பொருத்தும் அடாப்டர் ஒன்று வாங்கி வகுப்பு டிவியில் போட்டுக் காட்டலாம். மூன்றாவது குழலும் கேமராவும் உள்ள ரகம் பள்ளிக்கு அவசியமில்லை. 100எக்ஸ் எண்ணெய் லென்ஸ் கூடவே வந்தால் வரட்டும், அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். எண்ணெயைத் துடைக்காமல் விட்டுவிட்டு 40எக்ஸ் லென்ஸைத் திருப்பினால் இரண்டும் கெடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் ரீசார்ஜ் பேட்டரி உள்ள எல்இடி நல்லது.

இனி சோதனைக்கு வருகிறேன். இந்தக் கருவிகளுக்கு நான் வைக்கும் பரீட்சை அசோலாதான். கறவை மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கிறார்களே, அதே நீர்ப் பெரணி. நெல் வயலிலும் விடுவார்கள். அதன் இலைக்குள் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழிக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. ஒரு சின்ன இலையைக் கிள்ளி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர்ஸ்லிப் போட்டுப் பெருவிரலால் மெதுவாக அழுத்தினால் போதும். மணி மணியாய்க் கோத்த சங்கிலிகள் வெளியே வந்து மிதக்கும். சாயம் எதுவும் வேண்டாம்.

40எக்ஸில் பார்த்தால், பச்சை மணிகளுக்கு நடுவே ஆங்காங்கே சற்றுப் பெரிதாக, வெளிறிய, தடித்த சுவருள்ள மணி ஒன்று தெரியும். அதுதான் ஹெட்டிரோசிஸ்ட். இரண்டு முனையிலும் பளிச்சென்று ஒரு புள்ளி இருக்கும், பக்கத்துச் செல்லோடு சேரும் கழுத்து அது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கும் வேலை இந்தச் செல்லுக்கு. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும். அதனால் இந்தச் செல் ஆக்சிஜன் வெளியிடும் ஒளிச்சேர்க்கையையே விட்டுவிட்டு, சுவரையும் தடித்துக்கொள்கிறது. சர்க்கரையைத் தானாகச் செய்ய முடியாது, பக்கத்துச் செல்கள் ஊட்டுகின்றன. பதிலுக்கு இது அவற்றுக்கு நைட்ரஜன் சரக்கைக் கொடுக்கிறது.

எல்லாச் செல்லும் ஏன் ஹெட்டிரோசிஸ்டாக மாறிவிடவில்லை? மாறத் தொடங்கும் செல் ஒரு சின்னப் புரதத் துண்டை உண்டாக்கி அண்டைச் செல்களுக்கு அனுப்புகிறது. "நான் மாறிக்கொள்கிறேன், நீ மாறாதே" என்ற சேதி அது. பேட்எஸ் என்று பெயர், 1998இல் கண்டறிந்தார்கள். தனியாக வாழும் அனபீனாவில் ஏறக்குறைய பத்துச் செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹெட்டிரோசிஸ்ட் வருவதற்கு இந்தச் சேதிதான் காரணம். தூரம் கூடக்கூடச் சேதியின் வலு குறையும். சங்கிலி வளர்ந்து இடைவெளி நீண்டால் நடுவில் இன்னொரு செல் மாறிவிடும். அசோலாவுக்குள் இருக்கும் சங்கிலிகளில் ஹெட்டிரோசிஸ்ட் இன்னும் நெருக்கமாக இருக்கும், ஆனால் நுனி இலையில் மட்டும் மிகக் குறைவு, முதிர்ந்த இலையில் அதிகம். நுனியிலிருந்து அடி வரை இலை இலையாகக் கிள்ளி எண்ணச் சொன்னால், பிள்ளைகள் ஒரு பீரியடில் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சேதியை யாரும் பார்க்கவில்லை, ஆனால் சேதி போட்ட கோலம் கண்முன்னே இருக்கிறது. செல்களின் பேச்சைக் காட்ட இதைவிட எளிதான ஒரு ஸ்லைடு எனக்குத் தெரியாது.

இந்தப் பரீட்சையில் நான்கு கருவிகளும் எப்படி? அனபீனா செல் ஒவ்வொன்றும் 5 மைக்ரான் அளவில்தான் இருக்கும். ஃபோல்ட்ஸ்கோப் சங்கிலியைக் காட்டும், மணிகளையும் காட்டும், ஹெட்டிரோசிஸ்ட் எது என்று சந்தேகமாகச் சொல்லலாம், முனைப்புள்ளி தெரியாது. யூஎஸ்பி பச்சைக் கலங்கலைக் காட்டும். ஸ்டீரியோ அசோலா செடியை அழகாகக் காட்டும், அதோடு சரி. நல்ல கண்டென்சர் உள்ள காம்பவுண்டில் 40எக்ஸ் எல்லாவற்றையும் காட்டிவிடும். 18 மில்லிமீட்டர் வட்டமுள்ள கண்ணருகு லென்ஸ் என்றால் பார்வையில் விழும் அகலம் 0.45 மில்லிமீட்டர், நீளச் சங்கிலியே முழுதாக உள்ளே அடங்கும். 100எக்ஸ் போட்டால் அகலம் 0.18 ஆகச் சுருங்கி, அக்கம்பக்கம் மறைந்துவிடும். அண்டைவீட்டுக் கதையைப் பார்க்க வந்தவர்களுக்கு 40எக்ஸே ஏற்றது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெங்காயத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். சிவந்த வெங்காயத்தின் வெளிப்புறத் தோலை உரித்து, 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்புக் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். செல்லுக்குள் இருக்கும் ஊதாச் சரக்கு சுருங்கிச் சுவரை விட்டு விலகும். பிளாஸ்மா சிதைவு என்று எல்லாரும் படித்ததுதான். ஐரிஸைக் கொஞ்சம் மூடிவிட்டு, சுருங்கிய உருண்டைக்கும் சுவருக்கும் நடுவே பொறுமையாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். 1912இல் கர்ட் ஹெக்ட் விவரித்ததால் ஹெக்டியன் இழைகள் என்று பெயர். சவ்வு சுவரோடு எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருந்ததோ, அங்கிருந்து இவை நீள்கின்றன. பிளாஸ்மோடெஸ்மேட்டா இருக்கும் இடங்களும் அவற்றில் அடக்கம். ஐரிஸை மூடினால் வேறுபாடு கூடும், பிரித்துக் காட்டும் திறன் குறையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது கைப்பழக்கம். ஐரிஸ் இல்லாத கருவியில் இந்தக் காட்சியே கிடைக்காது.

ரியோ என்ற அழகுச் செடியின் இலை அடித்தோலில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஊதாச் செல்களுக்கு நடுவே பச்சையாக இலைத்துளையின் காப்புச் செல்கள். முதிர்ந்த காப்புச் செல்களுக்கு அண்டைச் செல்களோடு பிளாஸ்மோடெஸ்மேட்டா வழி கிடையாது, கதவைச் சாத்திக்கொண்ட வீடு மாதிரி. ஆனாலும் வறட்சி வந்தால் அப்சிசிக் அமிலம் என்ற சேதி வெளியிலிருந்து வந்து சேர்கிறது, துளை மூடுகிறது. கதவு வழியே ஒரு பேச்சு, தபாலில் ஒரு பேச்சு, இரண்டும் செல்களுக்குத் தெரியும். இதைப் பார்க்க 10எக்ஸே போதும், ஃபோல்ட்ஸ்கோப்பும் நன்றாகக் காட்டும்.

இப்போது எட்டி மரத்துக்கு வருகிறேன். நம் காடுகளில் நிற்கும், காய் பழுத்தாலும் யாரும் தொடாத அதே எட்டி. 1879இல், அன்றைக்கு ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த செர்னோவிட்ஸ் நகரில் எடுவார்ட் டாங்கல் என்ற தாவரவியலாளர் எட்டி விதையின் கருவூண் திசுவை, அதாவது கருவுக்கு உணவாகும் பகுதியை, சீவிப் பார்த்தார். தடித்த செல் சுவர்களைக் குறுக்கே கடந்து நுண்ணிய கோடுகள் போவது தெரிந்தது. செல்கள் தனித்தனி அறைகள் என்றிருந்த காலத்தில், அவற்றுக்கு நடுவே திறந்த தொடர்பு இருக்கிறது என்று அவர் எழுதினார். பிளாஸ்மோடெஸ்மேட்டா என்ற பெயரை 1901இல் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் வைத்தார். எட்டியோடு பேரீச்சையின் விதையிலும் டாங்கல் இதைப் பார்த்திருந்தார்.

50 நானோமீட்டர் இழை தெரியாது என்று முதலில் சொன்னேனே, இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? வெயிலில் மின்னும் ஒற்றைச் சிலந்தி நூலைத் தூரத்திலிருந்தும் பார்க்கிறோம். அதன் தடிமனை அளக்க முடியாது, ஒட்டி ஓடும் இரண்டு நூலைப் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் நூல் இருக்கிறது என்பது தெரியும். எட்டி விதையில் சுவர் மிகத் தடித்திருப்பதால் இழைகள் நீளமாக ஓடுகின்றன, சாயம் ஏறியதும் பளிச்சென்று தனித்து நிற்கின்றன. அபேயின் எல்லை, இரண்டைப் பிரித்துக் காட்டுவதற்கான எல்லை. ஒன்று இருப்பதை உணர்வதற்கு அது தடையில்லை.

பிள்ளைகள் கையில் எட்டி விதையைக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரிக்னைன் கொடிய விஷம். இதை ஆயத்த ஸ்லைடாக வாங்குங்கள், கருவூண் திசுவில் பிளாஸ்மோடெஸ்மேட்டா என்று கேட்டால் ஸ்லைடு விற்பவர்களுக்குத் தெரியும். கையால் செய்ய ஆசை என்றால் பேரீச்சங்கொட்டையைச் சில நாள் ஊறவைத்து, பிளேடால் கண்ணாடி போலச் சீவி, தண்ணீரில் வைத்துப் பாருங்கள். தடித்த சுவர்களில் அடுத்தடுத்த செல்களின் குழிகள் எதிரெதிராக வந்து சந்திப்பது 40எக்ஸில் அழகாகத் தெரியும். இழைகள் அந்தக் குழிகளின் மெல்லிய தடுப்பு வழியாகத்தான் போகின்றன.

விலங்குச் செல்களுக்கு ஒரே ஒரு ஆயத்த ஸ்லைடு வாங்கினால் போதும்: இதயத் தசை, நீள்வெட்டு. தசை நார்களுக்குக் குறுக்கே படிக்கட்டு போலக் கருங்கோடுகள் தெரியும், இடைவட்டுகள். ஒரு செல் முடிந்து அடுத்த செல் தொடங்கும் இடம். இழுத்தாலும் பிய்யாமல் பிடித்துக்கொள்ளும் இணைப்புகளும், மின்சேதியைக் கடத்தும் இடைவெளி இணைப்புகளும் அந்தக் கோட்டில்தான் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இதயத் தசைச் செல்கள் ஒன்றோடொன்று ஒத்துத் துடிப்பதற்கு அந்தக் கோடுகள் வழியாக ஓடும் அயனிகள்தான் காரணம். சாதாரண இளஞ்சிவப்புச் சாயத்தை விட இரும்பு ஹெமடாக்சிலின் சாயமிட்ட ஸ்லைடில் இவை தெளிவாகத் தெரியும், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே கேளுங்கள்.

ஒளிரும் சாயம் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் பரவுவதை நேராகவே பார்க்க வேண்டும் என்றால் அது பள்ளிக்கான கருவி இல்லை. 1964இல் லோவன்ஸ்டைனும் கன்னோவும் பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு செல்லுக்குள் ஃப்ளோரசீன் சாயத்தைச் செலுத்தி, அது அண்டைச் செல்களுக்குப் போவதைப் பார்த்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒளிர் மைக்ரோஸ்கோப் இருந்தால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆகவே அவருக்குச் சொன்னது இதுதான். ஒரு காம்பவுண்ட், ஒற்றைக்குழலே போதும், கண்டென்சரும் ஐரிஸும் 0.65 லென்ஸும் உள்ளதாக. போன் அடாப்டர். எட்டி, இதயத் தசை இரண்டு ஆயத்த ஸ்லைடுகள். மிச்சப் பணத்துக்கு எத்தனை ஃபோல்ட்ஸ்கோப் வருமோ அத்தனை. நான்கு பேருக்கு ஒன்று வந்தாலும் நல்லதே. ஆய்வக அறையும் பூட்டிவைக்க அலமாரியும் இல்லாத பள்ளியாக இருந்தால் நான் இதையே மாற்றிச் சொல்வேன்: எல்லாப் பணத்துக்கும் ஃபோல்ட்ஸ்கோப். தூசியும் ஈரமும் ஒரு மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைத்துவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல கருவியும் மூலையில்தான் கிடக்கும். வீட்டில் ஒரே பிள்ளைக்கு வாங்குகிறவர்களும் முதலில் ஃபோல்ட்ஸ்கோப்பில் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்தும் பிள்ளை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் காம்பவுண்ட் பற்றி யோசிக்கலாம்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீரோடு அசோலாவும், ஸ்லைடும் கவர்ஸ்லிப்பும் கொண்டு போகச் சொன்னேன். கடைக்காரர் காட்டும் ஸ்லைடு எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் தெரியும். நம் இலையை அங்கேயே நசுக்கி 40எக்ஸில் வைக்க வேண்டும். ஹெட்டிரோசிஸ்டின் இரு முனைப்புள்ளியும் தெரிகிறதா, ஐரிஸைத் திருப்பும்போது காட்சி மாறுகிறதா, நுண் திருகை விட்டுவிட்டுப் பத்து எண்ணிய பிறகும் சங்கிலி தெளிவாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பில் போடச் சொல்லலாம்.